அரைவறண்ட நிலத் தாவரங்களின் உயிர்வடிவத்தையும் விதை பரவலையும் பதிவுசெய்யும் முறை

ஒரு செடி வறட்சியை எந்த உருவில் கடக்கிறது (இதுவே அதன் உயிர்வடிவம்), அதன் விதை எப்படி இடம்பெயர்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் குறித்தால்தான் அரைவறண்ட நிலத்தின் தாவரக் கூட்டம் விளங்கும். இதற்கு ஒரே இடத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். மழைக்காலம் முடியும் தறுவாயில் இனங்களை அடையாளம் கண்டு முற்றிய கனிகளைச் சேகரிக்க ஒரு முறையும், கடும் வறட்சியில் துளிர்மொட்டு, அதாவது மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும் மொட்டு, எங்கே உயிரோடிருக்கிறது என்று தேட மறுமுறையும் செல்லுங்கள். இரண்டாவது வருகையைத் தவிர்த்தால் பட்டியலில் பாதி ஊகமாகிவிடும்.

மரங்களுக்கும் புதர்களுக்கும் 10 மீட்டர் பக்கமுள்ள சதுரமும், சிறுசெடிகளுக்கு அதனுள் 1 மீட்டர் பக்கமுள்ள சில சதுரங்களும் போதும். மூலைகளில் முளை அடித்து வையுங்கள்.

டென்மார்க் தாவரவியலாளர் கிறிஸ்டன் ரவுன்கியர் உயிர்வடிவங்களைப் பிரிக்க வகுத்த முறையில், துளிர்மொட்டு இருக்கும் உயரமே அளவுகோல். அது தரையிலிருந்து 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் எருக்கு போன்ற ஃபேனரோபைட்; அதற்குக் கீழே, ஆனால் தரைக்கு மேலே இருந்தால் கேமிஃபைட்; தரைமட்டத்தில் இருந்தால் தூர்கட்டும் பல்லாண்டுப் புற்களைப் போன்ற ஹெமிகிரிப்டோபைட். கோரையின் இலைகள் கருகிக் கிடக்கும் இடத்தைக் களைக்கொத்தால் கிளறினால் கிழங்கு அகப்படும். அது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஜியோபைட். நெருஞ்சியைப் போல, செடி முழுதும் மடிந்து விதை மட்டுமே எஞ்சினால் தெரோபைட். ஆடு மேய்ந்து குட்டையான புதரைக் கேமிஃபைட் என்று எழுதிவிடாமல், மேயப்படாத ஒன்றைத் தேடிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கனிகளைக் காகிதப் பையில் இட்டு உலர வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். பரவும் வழியைத் தோற்றத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்காமல் சோதித்துப் பார்ப்பது மிக முக்கியம். எருக்கு விதையைக் காற்றில்லாத அறையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டு, தரை தொட எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, பஞ்சை நீக்கிய விதையோடு ஒப்பிடுங்கள். நாயுருவிப் புதரின்மேல் கம்பளித் துணியை இழுத்துச் சென்று ஒட்டியவற்றை எண்ணுங்கள். ஊசிப்புல்லின் ஒரு மணியை உள்ளங்கையில் வைத்து அதன் நுனியிலுள்ள நீண்ட, முறுக்கிய இழையை ஈரப்படுத்தினால், முறுக்கு மெல்லப் பிரிந்து மணியே சுழலத் தொடங்குவதைக் காணலாம். விலங்கின் மயிரில் ஒட்டிச் செல்லும் அதே மணி இவ்வாறு மண்ணுக்குள் துளைத்தும் இறங்குவதால், இரண்டு குறிப்புகளையும் எழுத வேண்டும். நனைந்ததும் வழவழப்பான கூழ் சூழும் விதைகளைத் தனியே குறியுங்கள். அவை பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன, தாய்ச்செடி பிழைத்த இடத்தை விட்டு விலகாதிருப்பதும் வறண்ட நிலத்தில் ஓர் உத்தியே. காய்ந்த சாணத்தைச் சல்லடையில் கழுவினால், கால்நடைகள் தின்று பரப்பும் சீமைக்கருவேல விதைகள் முழுதாகக் கிடைக்கக்கூடும்.

இறுதியில் உயிர்வடிவங்களை வரிசையாகவும் பரவல் வழிகளைப் பத்தியாகவும் கொண்ட அட்டவணை ஒன்றை அமையுங்கள். உலகத் தாவரங்களுக்கென ரவுன்கியர் கணித்த பொது விகிதத்தில் தெரோபைட்டுகள் 13 விழுக்காடு. உங்கள் நிலத்தின் விகிதத்தை அதனோடு ஒப்பிடலாம். இன எண்ணிக்கைக்கு ஓர் அட்டவணையும், ஒவ்வோர் இனமும் மூடியிருக்கும் பரப்புக்கு மற்றோர் அட்டவணையும் வேண்டும், ஏனெனில் ஒற்றைச் சீமைக்கருவேலம் பாதிச் சதுரத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போதும் எண்ணிக்கையில் அது ஓர் இனம்தான்.