ரெப்ளிகா பின்தங்கினால் உடனே செட்டிங்கைக் கூட்டாதீர்கள்

ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்ட ஆலையில் எடை மேடைச் சீட்டெல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் பதிவாகி, ஓசூரில் இருந்த ரெப்ளிகாவுக்கு, அதாவது மூல சர்வரின் நகலாக ஓடும் சர்வருக்குப் போகும். கணக்குப் பிரிவு அதைப் பார்த்துத்தான் விவசாயிகளுக்குப் பணம் போடும். ஒரு நாள் ரெப்ளிகா ஒன்றரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. காலையில் காய் இறக்கிய பெரியவருக்காக ஓசூருக்குப் போன் போட்டால், "அப்படி ஒரு வண்டியே வரலைங்களே" என்கிறார்கள். அவர் கையில் சீட்டோடு என் முன்னால் நிற்கிறார்.

பதற்றத்தில், வந்த மாற்றங்களை ரெப்ளிகாவில் ஒரே நேரத்தில் எத்தனை வொர்க்கர்கள் பதியலாம் என்று சொல்லும் 'ரெப்ளிகா பேரலல் வொர்க்கர்ஸ்' செட்டிங்கை 4-லிருந்து 16 ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பலரும் செய்யும் தவறு இது. ஒரு டிரான்சாக்‌ஷனை ஒரு வொர்க்கர்தான் செய்ய முடியும்; ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்புதான் அது. தரம் பிரித்து விலை போட்டதும் அன்றைய சீட்டுகளை ஒரே அப்டேட்டில் மாற்றுவோம்; மாற்றங்களைக் குறித்து ரெப்ளிகாவுக்கு அனுப்பும் பின்லாக், வரிவரியாகப் பதிவாகும் முறையில் இருந்தது. அந்த டேபிளில் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லை, வரியை வேகமாகத் தேட உதவக்கூடிய வேறு இண்டெக்ஸும் இல்லை. அதனால் மாற்ற வேண்டிய வரிகளைத் தேடி ரெப்ளிகா டேபிளைத் திரும்பத் திரும்ப முழுசாகப் புரட்டிக்கொண்டிருந்தது. பிரைமரி கீ சேர்த்து, அப்டேட்டைச் சில ஆயிரம் வரிகளாகப் பிரித்த பிறகுதான் மூச்சு விட்டேன். வொர்க்கர் எண்ணிக்கை திரும்ப 4-க்கே போனது, மைஎஸ்கியூஎல் 8.0.27 பதிப்பு முதல் இயல்பாக இருப்பதும் அந்த எண்தான்.

இன்னொன்று, எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்று ரெப்ளிகா சொல்லும் 'செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்' 0 காட்டினால் எல்லாம் சரி என்று நம்புவது. ரெப்ளிகா தன் கைக்கு வந்துசேர்ந்த லாகை முடித்துவிட்டாலே அது 0 காட்டும். நெட்வொர்க் மந்தமாகி லாகே வந்து சேரவில்லை என்றால் அதற்கு எப்படித் தெரியும்? மூல சர்வரில் ஒரு சின்ன டேபிள் வைத்து, நொடிக்கொரு முறை நேரத்தை எழுதுங்கள். ரெப்ளிகாவில் அந்த நேரத்தை இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால் உண்மையான இடைவெளி தெரியும். இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகத்துக்காக மூல சர்வரில், பின்லாக்கை எப்போது டிஸ்க்கில் உறுதியாக எழுதுவது என்று சொல்லும் 'சிங்க் பின்லாக்' செட்டிங்கை 1-லிருந்து 0 ஆக்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கோடை மழையில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டால், பின்லாக்கின் கடைசிப் பகுதி டிஸ்க்குக்குப் போகாமலே அழிந்துவிடலாம். அப்புறம் இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகாது. தளர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் ரெப்ளிகாவில் மட்டும் தளர்த்துங்கள்; அது கெட்டால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். எங்கே செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்தான், பழைய மதிப்பை நோட்டில் எழுதி வைத்துவிட்டு.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள், ரெப்ளிகா எதுவரை வாங்கியது என்று மூல சர்வர் குறித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டைக் கவனிக்க வேண்டும். ரெப்ளிகாவை நிறுத்திவிட்டு ஸ்லாட்டை மறந்தால், மூல சர்வரில் மாற்றங்களைப் பதியும் வால் (WAL) கோப்புகள் குவிந்துகொண்டே போய் டிஸ்க் நிரம்பிவிடும். பதிப்பு 13-லிருந்து இதற்கு வரம்பு வைக்க 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' இருக்கிறது. ஆனால் இயல்பான மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் விட முடியும் என்று பார்த்து, சீசன் தொடங்கும் முன்பே ஓர் அளவை வைத்துவிடுங்கள். அந்த வரம்பைத் தாண்டினால் ரெப்ளிகாவைப் புதிதாகக் கட்ட வேண்டிவரலாம். ஆனால் எடை மேடை நிற்காது.