மேட்டூர் அணைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு: அளக்கும் முறை

பண்ணவாடித் துறையில் பரிசலுக்குக் காத்திருக்கும்போது, கையில் உப்பு அளக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டு யாராவது கேட்பார்கள், "ஏம்மா, தண்ணி எப்படி இருக்கு?" கரையில் முக்கினால் ஒரு எண் வரும், சொல்லிவிடலாம். ஆனால் மாடு குளிப்பாட்டிய இடத்தில், முழங்கால் ஆழத்தில் வரும் எண்ணை அணையின் எண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. "சாயங்காலம் சொல்றேண்ணா" என்பேன்.

எங்கள் வீடு கொளத்தூர்ப் பக்கம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேலத்துக்காரர்கள் குடிப்பதும் டெல்டாவில் நெல்லுக்குப் பாய்வதும் இந்தத் தண்ணீர்தான் என்பதால், மாதம் ஒரு நாள் அளந்து நோட்டில் எழுதுகிறேன். வேறு பெரிய நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் இருப்பவர்களும் இதே முறையில் செய்யலாம்.

முதலில் எங்கே எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 1934-ல் திறந்த இந்த அணை 120 அடி நிறைந்தால் 93.47 டிஎம்சி பிடிக்கும். ஒகேனக்கல் வழியாகக் காவிரி வருகிறது. மேற்கிலிருந்து பாலாறு, கிழக்கிலிருந்து தொப்பையாறு, நாகாவதி என்று பக்கத்து ஓடைகளும் ஆறுகளும் சேர்கின்றன. ஒவ்வொன்றும் வேறு மண்ணைக் கழுவிக்கொண்டு வருகிறது. அதனால் காவிரி உள்ளே வரும் பக்கம் ஒன்று, ஒரு கிளை ஆறு சேரும் முகம் ஒன்று, பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் நடுவில் ஆழமான இடம் ஒன்று, குறைந்தது இந்த மூன்றாவது வேண்டும். கைபேசியில் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு மாதாமாதம் அதே இடத்துக்குப் போங்கள். அணைச் சுவரை ஒட்டிய பகுதிக்கு அனுமதியில்லாமல் போகக் கூடாது. பரிசலில் மிதவை உடுப்பு இல்லாமல் ஏறக் கூடாது.

அப்புறம் ஆழம். வெயில் காலத்தில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகிவிடும், அடித்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கீழேயே கிடக்கும். இரண்டும் எளிதில் கலக்காது. மேலே எடுத்ததை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஆழத்தில் எடுக்கக் கடையில் கருவி கிடைக்கிறது, விலை அதிகம். நான் பயன்படுத்துவது ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில். அதைக் கம்பிக் கூட்டில் வைத்து, அடியில் ஈயக் கட்டி கட்டியிருக்கிறேன். வாயில் ரப்பர் கார்க். பாட்டிலுக்கு ஒரு கயிறு, கார்க்குக்குத் தனியாக இன்னொரு கயிறு. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டிருக்கிறேன். பத்தாவது முடிச்சு கைக்கு வந்ததும் பரிசல்கார அண்ணன் துடுப்பை நிறுத்துவார். கார்க் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் மேலே வரும். குமிழ் நின்றால் பாட்டில் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கோடையில் இப்படி அடியிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறந்ததும் ஒருமுறை அழுகிய முட்டை வாடை அடித்தது. கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அப்படித்தான் இருக்கும். அன்று மேல் தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது.

மாதிரி பாட்டில்கள் பாலித்தீனாக இருக்கட்டும். குளிர்பான பாட்டில் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. எடுக்கும் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, நான்காவது முறை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இடம், ஆழம், நேரம், தண்ணீரின் வெப்பம் நான்கையும் பாட்டிலின் மேல் அங்கேயே எழுத வேண்டும். கரைக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் பாட்டில் மாறிப்போகும். ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி மின்கடத்துதிறன். சுருக்கமாக இசி. தண்ணீரில் கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துகிறது, உப்பு கூடினால் கடத்துவதும் கூடும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, காட்டுவதாகக் கடையில் விற்கும் மீட்டர் உண்மையில் அளப்பது இதைத்தான். பிறகு தானே ஒரு எண்ணால் பெருக்கி மில்லிகிராம் என்று காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் 0.5 ஆகவும் இருக்கலாம், 0.7 ஆகவும் இருக்கலாம். ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு எண் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் இசியின் அலகான மைக்ரோசீமன்ஸ் (சென்டிமீட்டருக்கு) காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள், நோட்டிலும் அதையே எழுதுங்கள்.

மீட்டரைச் சரிபார்க்க ஒரு நிலைக்கரைசல், அதாவது இசி முன்பே தெரிந்த கரைசல், வேண்டும். உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமை, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால், 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். பாட்டிலாகவும் கிடைக்கும். அதை நேராகப் பாட்டிலில் முக்காமல், சின்னக் குவளையில் ஊற்றி அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். நான் ஒருமுறை மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டேன். தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டிப்பட்டது தெரியாமல் அதை 1413 என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க எல்லா எண்ணும் குறைவாக வந்தது. ஆற்றில் உப்பு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். புதுப் பாட்டில் உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் முழுவதும் கோடு போட்டு அடித்திருக்கிறேன், கிழிக்கவில்லை.

வெப்பமும் கவனிக்க வேண்டியது. ஒரு டிகிரி கூடினால் இசி ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். 25 டிகிரியில் 400 காட்டும் தண்ணீர், 30 டிகிரியில் 440-ஐ ஒட்டிக் காட்டும். மேல் தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் உப்பில் வித்தியாசம் என்று நினைத்தது வெறும் சூட்டு வித்தியாசமாக இருந்துவிடும். வெப்பத்துக்குத் தானே திருத்தம் செய்யும் மீட்டர் என்றாலும், முனை தண்ணீரின் சூட்டுக்கு வர ஒரு நிமிடம் விடுங்கள். முனையை லேசாக ஆட்டி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழை விரட்டிவிட்டுப் படியுங்கள்.

இசியை மில்லிகிராமாக மாற்றும் அந்தப் பெருக்கும் எண் உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆய்வக வசதி வேண்டும், ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் போதும். தண்ணீரைக் கண்ணாடி நார் வடிதாளில் வடிகட்டுங்கள். வடித்ததில் 100 மில்லியை, முன்பே எடை பார்த்த பீங்கான் கிண்ணத்தில் வற்ற வையுங்கள், கொதிக்க விடாதீர்கள், தெறித்துவிடும். பிறகு 180 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம். 105 டிகிரியில் நிறுத்தினால் உப்பின் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் தங்கி, எடையைக் கூட்டிக் காட்டும். ஈரம் உறிஞ்சும் பெட்டியில் ஆறவைத்து எடை பாருங்கள். மறுபடி சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும் வரை செய்யுங்கள். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம் நிற்கும். அது 26 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 260. அதே தண்ணீரின் இசி 400 என்றால், பெருக்கும் எண் 0.65.

உப்பில் குளோரைடு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதும் நல்லது, சாக்கடை கலக்கிறதா என்பதற்கு அது முதல் தடயம். 50 மில்லி தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து 0.0141 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு விழும் இடத்தில் செங்கல் நிறம் தோன்றி, குலுக்கினால் மறையும். மறையாமல் நிற்கும் முதல் சொட்டோடு நிறுத்த வேண்டும். காய்ச்சி வடித்த நீருக்குச் செலவானதைக் கழித்துவிட்டு, மீதி மில்லியை 10-ஆல் பெருக்கினால் லிட்டருக்குக் குளோரைடு மில்லிகிராம். கடினத்தன்மை, நைட்ரேட் இரண்டுக்கும் கிட் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும்.

ஆக்சிஜனுக்கு என் கார்க் பாட்டில் ஆகாது. தண்ணீர் உள்ளே போகும்போது காற்றுக் குமிழ் அதன் ஊடாக வருவதால் இல்லாத ஆக்சிஜன் சேர்ந்துவிடும். இருபுறமும் திறந்து இறங்கி, ஆழத்தில் மூடிக்கொள்ளும் கருவி வேண்டும், அல்லது கயிற்றில் இறக்கும் ஆக்சிஜன் மீட்டர். நேரத்தையும் எழுதுங்கள். பாசி படர்ந்த நாளில் மத்தியானம் ஆக்சிஜனும் பிஹெச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறி நிற்கும், விடிகாலையில் இறங்கிவிடும். காலை ஏழு மணிக்கு ஒரு மாதம், மூன்று மணிக்கு மறுமாதம் என்று எடுத்தால் ஒப்பிட முடியாது.

எண் வந்த பிறகு எதோடு வைத்துப் பார்ப்பது? குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 10500 சொல்வது: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. குளோரைடு 250, அதேபோல் 1000. பாசனத்துக்கு உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதலில் இசி 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பால் தொந்தரவு இல்லை. உப்பு எண் நன்றாக இருப்பதால் மட்டும் அப்படியே குடித்துவிடாதீர்கள், கிருமியை இந்த மீட்டர் காட்டாது.

நோட்டில் அன்றைய அணை மட்டத்தையும் எழுதுங்கள், செய்தித்தாளிலேயே வரும். வெள்ளம் வந்தால் உப்பு நீர்த்துப்போகும், கோடையில் தண்ணீர் ஆவியாக, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்பது அணை நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 8 லட்சம் டன் உப்பு. அதே 300, அணையில் 10 டிஎம்சி மட்டும் இருக்கும்போது 85 ஆயிரம் டன். மட்டம் தெரியாவிட்டால் எந்த 300 என்று பிறகு சொல்ல முடியாது. மாதிரி எடுத்த தேதிக்குப் பக்கத்தில் அடியை எழுதி, அதற்குப் பக்கத்தில் அடுத்த மாதத் தேதியையும் இப்போதே எழுதிவிடுங்கள். பரிசல்கார அண்ணனிடமும் அன்றே சொல்லிவைத்தால், அந்த நாளை அவர் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்.