பழைய நாஸ் பெட்டியில் லினக்ஸ்: பூட்லோடரைக் கடைசியில் தொடுங்கள்

வடசென்னையில் கல்யாண ஸ்டுடியோ, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், சின்ன அச்சகம் என்று எங்கே போனாலும் மேசைக்கு அடியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்க்கலாம். நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் பெட்டி, நாஸ் என்போம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியிருந்தாலும் பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத்தான் வயதாகிவிட்டிருக்கும்.

புது வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் அப்படித்தான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, ஆன் ஆவுது, லைட்டும் எரியுது. புது லேப்டாப்ல மட்டும் காட்டவே மாட்டேங்குது" என்றார். ஃபைல்களைப் பகிர பெட்டி பேசியது எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறை. 2017-இல் வான்னாகிரை என்ற பணம்பறி மென்பொருள் உலகத்தையே ஆட்டிவைத்தது அந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 தானாக வருவதில்லை. லேப்டாப்பில் அதைத் திரும்ப இயக்கிவிட்டால் பெட்டி தெரியும். அப்படிச் செய்து கொடுக்க எனக்கு மனம் வராது. ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் அதில் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. ஸைக்செல் நாஸ்களில் 2020-இல் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. புது மாடல்களுக்குத் திருத்தம் வந்தது. என்எஸ்ஏ310, 320, 325 போன்றவற்றின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதால் அவற்றுக்கு வரவில்லை. 2024-இல் டி-லிங்க் டிஎன்எஸ்-320எல் வகையறாவுக்கும் அதே கதை. ஆகவே பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை மாற்றி லினக்ஸ் போட்டாக வேண்டும்.

எந்தப் பெட்டிகள்

நான் இங்கே சொல்வது மார்வெல் கிர்க்வுட் சிப் வைத்த பெட்டிகளுக்கு மட்டும். மேலே சொன்ன ஸைக்செல் மாடல்கள், டி-லிங்க் டிஎன்எஸ்-320, 325, சீகேட் கோஃப்ளெக்ஸ் நெட், கோஃப்ளெக்ஸ் ஹோம், ஐயோமெகா ஐகனெக்ட் எல்லாம் இந்தக் குடும்பம். பெட்டிக்குள் டெல்நெட்டிலோ எஸ்எஸ்எச்சிலோ நுழைய முடிந்தால் சிபியு விவரத்தைக் கேளுங்கள். ஃபெரோசியான் 88எஃப்ஆர்131 என்று வந்தால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தும். என் மேசையில் இருப்பது என்எஸ்ஏ325. 1.6 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம், 128 எம்பி நேண்ட் ஃப்ளாஷ் (பவர் போனாலும் அழியாத நினைவகம்). காயலான் கடை பாய் ஒருவர் எடுத்து வைத்துக் கொடுத்தது. ஃபைல் சர்வருக்கு இது தாராளம். இதில் வீடியோ மாற்றும் வேலையெல்லாம் ஓட்ட நினைக்க வேண்டாம்.

பூட்லோடர் என்பது பவர் வந்ததும் முதலில் ஓடி லினக்ஸைத் தூக்கிவிடும் சின்ன நிரல். அதை மாற்றத்தான் வேண்டுமா? பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் பெட்டிகளோடு வந்தது யூ-பூட் 1.1.4-ஐ அடிப்படையாகக் கொண்ட மார்வெலின் பழைய பதிப்பு. அதற்கு எக்ஸ்ட்4 என்ற டிஸ்க் அமைப்பு தெரியாது, போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ தெரியாது. டிவைஸ் ட்ரீ ஃபைலைக் கர்னலின் வாலில் ஒட்டி, மேக்இமேஜ் கருவியால் ஒரே யூஇமேஜ் ஆக்கி, எக்ஸ்ட்2 பார்ட்டிஷனில் வைத்தால் பழைய பூட்லோடரே புதிய லினக்ஸைத் தூக்கிவிடும். உங்களுக்கு அது போதுமென்றால் பூட்லோடரைத் தொடாதீர்கள். பெரிய டிஸ்க்கிலிருந்தே நேராக பூட் ஆக வேண்டும், ஒவ்வொரு கர்னலுக்கும் இந்த ஒட்டுவேலை கூடாது என்பவர்கள் மட்டும் மாற்றலாம்.

மாற்றுவதென்றால் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். பெட்டி செத்தால் எப்படி உயிர்ப்பிப்பது என்பதை, அது உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஃப்ளாஷில் கை வைப்பது சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி.

சீரியல் கேபிள்

இதற்குத் தேவை யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர். சிபி2102, எஃப்டி232, சிஎச்340 எது வேண்டுமானாலும் சரி. ஆனால் 3.3 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டும். சில அடாப்டர்களில் 5 வோல்ட், 3.3 வோல்ட் மாற்ற ஒரு ஜம்பர் இருக்கும். வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். பழைய கம்ப்யூட்டரின் 9 பின் ஆர்எஸ்232 போர்ட்டை நேராக போர்டில் கொடுக்கவே கூடாது. அந்த வோல்டேஜில் சிப் போய்விடும்.

முதலில் இரண்டு டேட்டா டிஸ்க்கையும் கழற்றி, துணியில் சுற்றி, வேறு அறையில் வையுங்கள். அவற்றில் உள்ளது வேறெங்கும் இல்லையென்றால், நகல் எடுத்து முடிக்கும் வரை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

மூடியைக் கழற்றினால் போர்டில் நான்கைந்து பின் கொண்ட ஒரு வரிசை தெரியும். மாடலுக்கு மாடல் வரிசை மாறும் என்பதால் மல்டிமீட்டரை நம்புங்கள். பவர் இல்லாத நிலையில், யூஎஸ்பி போர்ட்டின் உலோகக் கூட்டுக்கும் எந்தப் பின்னுக்கும் இடையே பீப் சத்தம் வருகிறதோ அது கிரவுண்ட். பிறகு பவர் கொடுத்து, கிரவுண்டை வைத்து மற்றவற்றை அளந்து பாருங்கள். அசையாமல் 3.3 காட்டுவது பவர் பின்னாக இருக்கலாம். பெட்டி கிளம்பும் முதல் சில நொடிகளில் 3.3-இலிருந்து இறங்கி இறங்கி ஆடுவது டிஎக்ஸ், அதாவது அனுப்பும் பின். மிச்சமிருப்பதில் வாங்கும் பின்னான ஆர்எக்ஸைத் தேடுங்கள்.

மூன்றே ஒயர்: கிரவுண்டுக்குக் கிரவுண்ட், பெட்டியின் டிஎக்ஸ் அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு, பெட்டியின் ஆர்எக்ஸ் அடாப்டரின் டிஎக்ஸுக்கு. பவர் பின்னில் எதையும் இணைக்காதீர்கள். டெர்மினல் வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இங்கே ஒரு தனி வேலை உண்டு. காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் இருந்த பெட்டிகளைத் திறந்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். எண்ணூர்ப் பக்கம் என்றால் விசிறியில் கரித்தூசியும் சேரும். திரையில் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் வேகத்தைச் சந்தேகிக்கும் முன் பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடையுங்கள்.

எழுத்துகள் ஓடத் தொடங்கியதும், எண்ணிக்கை இறங்கும் நேரத்தில் ஒரு கீயைத் தட்டினால் யூ-பூட் நின்று உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும். பிரிண்ட்என்வ் அடித்து, வருவதை முழுக்க ஒரு ஃபைலில் சேமியுங்கள். அதில் ஈத்அட்ரஸ் என்று வருவதுதான் நெட்வொர்க்கில் பெட்டியை அடையாளம் காட்டும் மேக் முகவரி. காகிதத்திலும் எழுதி வையுங்கள். பூட்லோடர் மாறினால் இது போய்விடும். ஒரே பொதுவான முகவரியோடு இரண்டு பெட்டிகள் ஒரு ரவுட்டரில் இருந்தால் நெட்வொர்க் படாதபாடு படும்.

ரேமில் ஒத்திகை

கிர்க்வுட் சிப்புக்குள் பூட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. அதை யாராலும் அழிக்க முடியாது. பவர் வந்த கணத்தில் அது சீரியல் ஒயரை ஒரு நொடி கவனிக்கும். குறிப்பிட்ட எட்டு பைட் வரிசை அந்த நேரத்தில் வந்தால், ஃப்ளாஷை விட்டுவிட்டு, ஒயர் வழியாகவே பூட்லோடரை வாங்கி ரேமில் ஓட்டும். இந்த வேலையைச் செய்யும் கருவிதான் கேடபிள்யூ-பூட். டெபியன், உபுண்டுவில் யூ-பூட் டூல்ஸ் பொதியோடு வருகிறது.

உங்கள் மாடலுக்கென்றே தொகுத்த புதிய யூ-பூட் இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாடலுடையது வேண்டாம், ரேம் அமைப்பு வேறாக இருக்கும். பெட்டியை அணைத்துவிட்டு, லேப்டாப்பில் கேடபிள்யூ-பூட்டை ஓட விடுங்கள். அது வரிசையை அனுப்பிக்கொண்டே இருக்கும்போது பெட்டிக்குப் பவர் கொடுங்கள். கணம் தவறினால் அணைத்துவிட்டு மறுபடி கொடுங்கள். பிடித்துக்கொண்டால் சதவீதம் ஏறும். 512 கேபி இமேஜ் ஒரு நிமிடம் போல எடுக்கும். முடிந்ததும் புதிய யூ-பூட் திரையில் வரும். சூழல் மாறிகளின் சிஆர்சி தவறு, இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி வந்தால் பயப்படாதீர்கள், ஃப்ளாஷில் இன்னும் எதுவும் எழுதவில்லையே. சேவ்என்வ் மட்டும் இப்போது அடிக்க வேண்டாம். அது ஃப்ளாஷில் எழுதிவிடும்.

கிர்க்வுட்டின் ஆரம்பகால சிப்கள் சிலவற்றில் இந்த வழி வேலை செய்யாது. பலமுறை முயன்றும் உங்கள் பெட்டி பிடிகொடுக்கவில்லை என்றால், பழைய பூட்லோடரோடும் ஒட்டிய யூஇமேஜோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். என் ஆலோசனை அதுதான். காப்பாற்றும் வழி இல்லாத பெட்டியில் துணிச்சல் எதற்கு?

லினக்ஸை பென் டிரைவிலிருந்து ஓட்டுவது

இந்தச் சிப் ஆர்ம்வி5 வகை. ராஸ்பெர்ரி பை இமேஜை எடுத்துப் போட்டால் ஓடாது. ஆர்ச் லினக்ஸ் ஆர்ம் 2022-இல் இதைக் கைவிட்டது. டெபியனில் ஆர்ம்இஎல் என்ற வகை வேண்டும். டெபியன் 12 வரை இதற்கு கர்னல் உண்டு. டெபியன் 13-இல் ஆர்ம்இஎல் பொதிகள் இருந்தாலும் இன்ஸ்டாலரும் கிடையாது, கிர்க்வுட் கர்னலும் கிடையாது. அதற்கு அடுத்து ஆர்ம்இஎல்லே இல்லை. நீண்ட நாள் ஓட வேண்டும், வேலை எளிமையானது என்றால் ஓபன்டபிள்யூஆர்டி நல்ல தேர்வு. நான் 12-இல் நிற்கிறேன், பெட்டியை வீட்டு ரவுட்டருக்கு வெளியே திறந்துவிடுவதில்லை.

பென் டிரைவில் ஒரே எக்ஸ்ட்3 பார்ட்டிஷன் போட்டு, ரூட் ஃபைல்களை (லினக்ஸின் முழு ஃபைல் தொகுப்பை) ரூட் பயனராகவே விரித்து, பூட் கோப்புறையில் கர்னல், இனிட்ஆர்டி (கிளம்பும்போது கர்னலுக்குத் துணையான ஃபைல்), உங்கள் மாடலின் டிடிபி (டிவைஸ் ட்ரீ) ஃபைல் மூன்றும் இருப்பதைப் பாருங்கள். ரேமில் ஓடும் யூ-பூட்டிலிருந்தே இதை பூட் செய்யலாம். என்எஸ்ஏ325-இல் சிப்புக்கு வெளியே தனியாக ஒரு வாட்ச்டாக் (பதில் வராவிட்டால் பெட்டியை ரீபூட் செய்யும் காவல் சர்க்யூட்) உண்டு. பூட் ஆகிச் சில நிமிடங்களில் பெட்டி தானாக ரீபூட் ஆனால் அடாப்டரை மாற்றும் முன் அதைச் சந்தேகியுங்கள். அதை அடக்கத் தெரிந்த யூ-பூட்டும் டிடிபியும் வேண்டும்.

இந்த நிலையில் ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். நெட்வொர்க், விசிறி, டிஸ்க் அறை இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

ஃப்ளாஷில் எழுதுவது

ஈபியின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி, லேப்டாப் இரண்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். மழை நாள் வேண்டாம்.

எம்டிடி யுட்டில்ஸ் பொதியை நிறுவி, எந்த எம்டிடி (லினக்ஸ் காட்டும் ஃப்ளாஷ் பகுதி) எதற்கு என்ற பட்டியலைப் பாருங்கள். எம்டிடி0 பூட்லோடர்தானா என்பதைப் பெயரோடும் அளவோடும் உறுதி செய்யுங்கள். பிறகு நேண்ட்டம்ப் கொண்டு எல்லா எம்டிடியையும் ஒவ்வொன்றாக நகலெடுத்து, லேப்டாப்பிலும் இன்னொரு பென் டிரைவிலும் வையுங்கள். கர்னல் பதிவுகளில் பேட் இரேஸ்பிளாக் (கெட்டுப்போன பிளாக்) என்று வரும் வரிகளைப் படியுங்கள். நேண்டில் பின்னால் எங்கேயோ ஒன்றிரண்டு இருப்பது சாதாரணம். முதல் 1 எம்பிக்குள் ஒன்று இருந்தாலும் எழுத வேண்டாம்.

யூ-பூட் ஃபைலின் எம்டி5 (ஃபைல் பழுதில்லை என்று காட்டும் எண்) சரிபார்த்த பின், எம்டிடி0-வின் தொடக்கத்திலிருந்து நான்கு பிளாக் அழியுங்கள். பிளாக் ஒன்று 128 கேபி, ஆக 512 கேபி. நேண்ட்ரைட்டால் எழுதுங்கள். பிழை ஏதும் வரவில்லை என்பதோடு விடாமல், எழுதிய இடத்தை நேண்ட்டம்ப்பால் திரும்பப் படித்து மூல ஃபைலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பவரை அணைக்காதீர்கள். லினக்ஸ் ரேமில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மறுபடி அழித்து எழுதலாம்.

புதிய யூ-பூட் தன் மாறிகளைப் பெரும்பாலும் 0எக்ஸ்சி0000 என்ற இடத்தில், ஒரு பிளாக் அளவில் வைக்கும். உங்கள் இமேஜோடு வந்த குறிப்பில் இது எழுதியிருக்கும். அந்த இடத்தையும் அளவையும் எஃப்டபிள்யூ என்வ் அமைப்பு ஃபைலில் போட்டு, அந்த மாறி இமேஜையும் அதே மாதிரி அழித்து எழுதுங்கள். பிறகு காகிதத்தில் இருக்கும் மேக் முகவரியையும் டிடிபி பெயரையும் எஃப்டபிள்யூ செட்என்வ் கொண்டு பதியுங்கள். பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

சீரியல் கேபிளைக் கழற்றாமல் ரீபூட் கொடுங்கள். எழுத்து வரவில்லை என்றால் கேடபிள்யூ-பூட் இருக்கிறது, ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். அணைத்து, அனுப்பி, மறுபடி எழுதுங்கள்.

சரியாகக் கிளம்பியதும் டிஸ்க்குகளை மாட்டி, ரூட்டை அதில் ஒரு சின்னப் பார்ட்டிஷனுக்கு நகர்த்தலாம். லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வைத் தரும் சாம்பாவில் குறைந்தபட்ச நெறிமுறையை எஸ்எம்பி2 என்று வையுங்கள். மேக் முகவரி, பின் வரிசை, யூ-பூட் பதிப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். அப்புறம், எப்போது கர்னல் புதுப்பித்தாலும், பூட் கோப்புறையில் கர்னல், இனிட்ஆர்டி இரண்டின் தேதியும் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ரீபூட் கொடுங்கள். பழைய இரண்டையும் வேறு பெயரில் அங்கேயே விட்டு வையுங்கள்.