ஊர்ச் சுவையைத் தேடும் பிரிட்டிஷார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் எங்கள் கீழ்வீட்டில், வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸ் நகரிலிருந்து வந்த ஓர் அம்மா குடியிருக்கிறார். அவர் வந்த முதல் மாதத்தில் ஒரு மாலை எதற்கோ கதவைத் தட்டினேன். உள்ளே மேசைமீது நான்கு கோப்பைத் தேநீர் ஆறிக் கிடந்தது. நான்கும் வெவ்வேறு கடைகளில் வாங்கிய டீ பைகளில் போட்டவை. நான்கின் மேலும் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் மிதந்தது. "இந்த நாட்டில் தேயிலையே சரியில்லை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் மதுரைக்காரன். லீட்ஸில் பதினொரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு மாறியவன். முதல் முறை ஊரைவிட்டு வந்தபோது ரசத்துக்கு ஏங்கினேன். இரண்டாம் முறை பெட்டி கட்டியபோது, லீட்ஸில் பழகிய கெட்டி டீக்கும், பஸ்ஸில் தினமும் காதில் விழுந்த சின்னச் சின்னச் சொற்களுக்கும் ஏங்கினேன். ஆகவே வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷ்காரர் ஒருவர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நினைத்து உருகினால், அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று என்னால் தள்ள முடியாது. அந்த ஏக்கம் நியாயமானது. அதைத் தீர்த்துக்கொள்ளும் வழியில்தான் தவறுகள் நேர்கின்றன. அவற்றில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

தேயிலைமேல் பழி போடுவது

அந்த நான்கு கோப்பைகளில் தேயிலை செய்த குற்றம் எதுவும் இல்லை. லீட்ஸ் குழாய்த் தண்ணீர் மென்மையானது. டுசல்டார்ஃப் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தச் சுண்ணாம்பு தேயிலைச் சாற்றுடன் சேரும்போதுதான் மேலே படலம் கட்டுகிறது, சுவையும் மங்குகிறது. லண்டனிலிருந்து வருபவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் லண்டன் தண்ணீரும் கடினநீர்தான். வடக்கிலிருந்து வருபவர்கள்தான் திண்டாடுகிறார்கள். வடிகட்டிக் குடுவை ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடினநீருக்கென்றே தனிக் கலவையாக விற்கும் பிரிட்டிஷ் டீயும் உண்டு.

மீதிப் பாதி பாலில் இருந்தது. அந்த அம்மா கடையில் வெளி அலமாரியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிப் பாலை வாங்கி வந்திருந்தார். அது மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய, மாதக்கணக்கில் கெடாத பால். ஜெர்மனியில் அதன் பெயர் 'ஹா மில்ஷ்'. காப்பியில் அதன் வாடை மறைந்துவிடும், டீயில் மறையாது. குளிர்பெட்டிப் பக்கம் போய் 'ஃப்ரிஷ்மில்ஷ்', அதாவது புதுப்பால், என்று எழுதியதை எடுத்திருக்க வேண்டும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் குடிபோகும் பிரிட்டிஷாரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. வீட்டு கேத்தலைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்கிறார்கள். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த கேத்தல் அதில் கால்வாசிச் சூடுதான் தரும். அந்த ஊர் கேத்தலையே வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பதே வழி. பொறுமையிழந்து பாதி காய்ந்த நீரை ஊற்றினால் கறுப்புத் தேயிலையில் சாறு இறங்காது.

இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. ஜெர்மனியின் வடமேற்குக் கடலோரத்தில் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கிறார்கள். கோப்பையில் முதலில் கற்கண்டுக் கட்டியைப் போட்டு, அதன்மேல் கொதிக்கும் டீயை ஊற்றுவார்கள், கற்கண்டு படபடவென்று வெடிக்கும். அவர்கள் குடிப்பது அஸ்ஸாம் தேயிலை மிகுந்த, கனமான கலவை. ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. யார்க்‌ஷயர் நாக்குக்கு அதைவிடப் பொருத்தமான தேயிலையை நான் இங்கே பார்க்கவில்லை.

பெயரை மட்டும் தேடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் எண்ணம். பழகிய டப்பாவின் நிறத்தையும் எழுத்தையும் கண் தேடுகிறது. அது இல்லை என்றதும் பொருளே இல்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கஸ்டர்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளிலும் பழ சாலட்டுக்குக் கஸ்டர்ட் பவுடர் வாங்குகிறோம். 1837இல் பர்மிங்காமில், ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகச் சோளமாவைக் கொண்டு அதை உருவாக்கினார். ஆக, அது சோளமாவும் மணமும் நிறமும் சேர்ந்ததுதான். ஜெர்மன் கடைகளில் 'வனிலே புட்டிங்' என்ற பெயரில் மலிவான பாக்கெட் கிடைக்கிறதே, அதிலும் பெரும்பாலும் இருப்பது அதேதான். பாக்கெட்டில் சொன்னதைவிடப் பாலைக் கூட்டிக் காய்ச்சினால் ஊற்றும் பதத்தில் கஸ்டர்ட் வந்துவிடும். கீழ்வீட்டு அம்மா இதை அறியாமல் இரண்டு ஆண்டுகள் லீட்ஸிலிருந்து டப்பா வரவழைத்துக்கொண்டிருந்தார்.

டோஸ்டில் தடவிச் சாப்பிடும் உப்புச் சுவைப் பசையான மார்மைட்டும் அப்படித்தான். பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டைச் சாறாக்கலாம் என்று கண்டவர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிஷ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். அந்த வழியைப் பின்பற்றி 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டனில் மார்மைட் கம்பெனி தொடங்கியது. ஜெர்மனியின் இயற்கை உணவுக் கடைகளில் 'ஹேஃபே எக்ஸ்ட்ராக்ட்' (ஈஸ்ட் சாறு) என்று கேட்டால் அதன் உறவுப் பொருளை எடுத்துத் தருவார்கள். அச்சாக அதே சுவை இருக்காது, ஆனால் வெண்ணெய் தடவிய டோஸ்டில் காலைப்பொழுதைக் காப்பாற்றும்.

பெயர் ஒன்றாக இருந்து பொருள் மாறிப்போவதும் உண்டு. நியூசிலாந்தில் மார்மைட் என்ற பெயரில் விற்பது அந்நாட்டிலேயே செய்யப்படும் வேறொரு தயாரிப்பு. அமெரிக்காவில் விற்கும் கேட்பரி சாக்லேட்டை 1988 முதல் உரிமம் பெற்று ஹெர்ஷே நிறுவனம் செய்கிறது. அங்கே 'பேக்கன்' கேட்டால் பன்றியின் கொழுப்பு ஓடிய வயிற்றுப் பகுதிக் கீற்றைத் தருவார்கள். பிரிட்டிஷார் சாண்ட்விச்சுக்குக் கேட்பது முதுகுப் பகுதி இறைச்சி. ஆகவே கடைக்காரரிடம் பெயரைச் சொல்வதைவிட, எந்தப் பகுதி, உப்பிட்டதா, புகையிட்டதா என்று விளக்கிச் சொல்வது நல்லது.

பேக்கிங் செய்பவர்கள் மாவில் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் சமையல் குறிப்புகளில் வரும் 'செல்ஃப் ரெய்சிங்' மாவு ஐரோப்பாவின் பல நாடுகளில் சுலபமாகக் கிடைக்காது. 150 கிராம் சாதா மாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்தால் அதுவே செல்ஃப் ரெய்சிங் மாவு. ஜெர்மன் பேக்கிங் பவுடர் உறை ஒன்று 500 கிராம் மாவுக்கு என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பி, தேநீரோடு சாப்பிடும் சிறு கேக்கான ஸ்கோன் செய்தால் போதிய அளவு எழும்பாது. க்ரீமிலும் எச்சரிக்கை வேண்டும்: பிரிட்டிஷ் டபுள் க்ரீமில் கொழுப்பு சுமார் 48 சதவீதம், இங்கே சாதாரணமாக விற்கும் க்ரீமில் 30 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஸ்கோன்மேல் வைக்க, கெட்டியான இத்தாலிய க்ரீம் சீஸான மாஸ்கர்போனே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் இழப்பது

உறவினர் வரும்போது செடார் சீஸும் சாசேஜும் கொண்டுவரச் சொல்வது பலரின் வழக்கம். 2021 ஜனவரி 1 முதல் அது செல்லாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் பயணி இறைச்சியோ பால்பொருளோ எடுத்து வரக்கூடாது, தபால் பார்சலுக்கும் இதே விதிதான். அந்த மாதமே நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சுகளை அதிகாரிகள் பறிமுதல் செய்தது தொலைக்காட்சியில் வந்தது. டீ, பிஸ்கட், சாக்லேட், மார்மைட் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. எதைக் கேட்பது என்று யோசித்துக் கேட்டால், வயதான தாய் பெட்டியில் சுமந்து வந்ததைக் குப்பைக் கூடையில் பார்க்க நேராது.

சொற்கள்

உணவைவிட எனக்கு இதுதான் வலித்தது. லீட்ஸ்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை மணி. ஜெர்மானியர் 'ஹால்ப் ஸீபன்' என்றால் ஆறரை, ஏழை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று கணக்கு. கீழ்வீட்டு அம்மாவை எங்கள் மாடிக்கு எதிரில் இருக்கும் ஜெர்மன் குடும்பம் ஆறரைக்குச் சாப்பிட அழைத்தது. பூங்கொத்தோடு சரியாக ஏழரைக்குப் போய் நின்றார். சூப் ஆறிப்போயிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால்தான் அவருக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. நேரத்தை எண்ணாகச் சொல்லி உறுதி செய்துகொள்வதில் வெட்கம் வேண்டாம்.

அவரும் ஒருமுறை அந்தக் குடும்பத்தைத் 'டீ'க்கு அழைத்தார். வட இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு மாலைச் சாப்பாடு என்றே பொருள். வந்தவர்கள் கேக் எதிர்பார்த்து, மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். 'சிப்ஸ்' கேட்டால் ஜெர்மனியில் பாக்கெட் வறுவல் வரும், உருளைக்கிழங்குப் பொரியலுக்கு 'பொம்மஸ்' என்று கேட்க வேண்டும். அலுவலகத்தில் 'நாட் பேட்' என்று பிரிட்டிஷ்காரர் மனதாரப் பாராட்டினால், கேட்பவர் சுமார் என்று எடுத்துக்கொண்டு முகம் வாடுகிறார். நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவிடலாம்.

ஒரு சொல் மட்டும் உயிரோடு விளையாடும். பிரிட்டனில் பாரசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கினால், அளவு மீறிக் கல்லீரல் கெடலாம். சளி மருந்துகளுக்குள்ளும் அது கலந்திருக்கும், உறையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. ஆனால் இத்தகைய சங்கடங்களுக்குப் பயந்து சிலர் தம் ஊர்ச் சொற்களையே விட்டுவிடுகிறார்கள். அதைத் தவறு என்று சொல்லத் தயங்கமாட்டேன். சொல் எங்கே போனாலும் புதிய வீடு கட்டிக்கொள்ளும். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் சாப்பாட்டுக்கு முன் சூப் கேட்டபோது நம் மிளகுத் தண்ணீர்தான் 'மல்லிகடானி' ஆகி அவர்கள் மேசைக்குப் போனது. ஊர் திரும்பியபின் அதற்கே ஏங்கினார்கள். அந்நிய மண்ணில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தாய்நாட்டை நினைத்துச் சொன்ன 'ப்ளைட்டி' என்ற சொல்லும் இந்துஸ்தானியின் 'விலாயதி'யிலிருந்து வந்ததுதான். வீட்டை நினைத்து அழுவதற்குக்கூட அவர்கள் இன்னொரு மொழியிலிருந்து சொல் எடுத்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டு அம்மா முதல் ஆண்டு படிக்கட்டில் எல்லோருக்கும் ஜெர்மனில் மட்டுமே வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான்தான் முந்திக்கொண்டு, லீட்ஸில் பஸ் ஓட்டுநர்கள் சொல்வதுபோல் "ஆல் ரைட், லவ்?" என்றேன். கையில் இருந்த பையைப் படியில் வைத்துவிட்டு நின்றார். இப்போது எதிர்வீட்டு ஜெர்மன் பையனும் காலையில் பள்ளிக்கு இறங்கும்போது அவரிடம் அதையே சொல்கிறான், 'ரைட்' என்பதில் அவன் மொழியின் 'ர' சற்று உருண்டு விழுகிறது.