‘புரிகிறது சார்’: ஒன்பதாம் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஜூனிலும் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் எட்டு முடித்த பிள்ளைகள் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பில் சேர வருகிறார்கள். மாற்றுச் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பையனைப் பார்த்தால் என் பழைய முகம் ஞாபகம் வரும். நானும் அப்படி வந்தவன்தான். இன்று கணக்கு ஆசிரியர். தாமதமாக வருவது, ஜியோமெட்ரி பாக்ஸை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை இரண்டு வாரத்தில் தாமாகச் சரியாகிவிடும்.

எட்டைப் போலத்தான் ஒன்பதும் என்று இருப்பது

தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில் அந்தச் சலுகை கிடையாது.

புரியாததற்கும் ‘புரிகிறது சார்’ என்பது

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடம் கண மொழி. சேர்ப்பு, வெட்டு, இரண்டு வட்டம் போட்ட வென்படம். பழைய கணக்கு பெரிதாக எதுவும் தெரியாமலே செய்துவிடலாம். பையன் நிமிர்ந்து உட்காருகிறான், வீட்டில் போய்ப் பெரிய பள்ளிக்கூடம் சுலபம் என்கிறான். ஜூன் மாதம் இப்படித்தான் ஏமாற்றும். மூன்றாவது பாடமான இயற்கணிதம் வரட்டும்.

பெருக்கினால் −15, கூட்டினால் −2 வரும் இரண்டு எண்களைச் சொல் என்று கேட்கிறேன். ‘5, −3 சார்’ என்று பதில் வருகிறது. கூட்டிப் பார் என்றால், கொஞ்சமும் தயங்காமல் ‘மைனஸ் 2’ என்கிறான். ஐந்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் இரண்டு, கேள்வியில் மைனஸ் இருக்கிறது, ஆகவே மைனஸ் 2. விடை −5, 3 என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் ‘புரிகிறதா?’ என்று திரும்பினால், வகுப்பே ‘புரிகிறது சார்’ என்று பாடுகிறது. இவன் குரல்தான் உரக்கக் கேட்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான், தப்பான விடைக்கு அல்ல. குறை எண்களில் கோட்டைவிட்டது ஏழாம் வகுப்பில். அதை மறைக்கத்தான் இந்தக் குரல்.

எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படிக் கத்தியவன். காலையில் வேப்பமரத்தடியில் பிரேயர் மணி அடிப்பதற்குள் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவேன். ஒரு நாள் அவன் ஒரு வரியைத் தப்பாக எழுதி அடித்திருந்தான். நான் அந்த வரியையும் எழுதி, அதே இடத்தில் அடித்தேன். ஆசிரியர் அறுபது நோட்டுகளுக்கு நடுவே அதைக் கவனிக்கவில்லை. சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டார். காலாண்டுத் தேர்வில் பதினேழு மதிப்பெண். அப்போதும் வாய் திறக்கவில்லை, எழுத நேரம் போதவில்லை என்று வீட்டில் பொய் சொன்னேன். ஆண்டு முடிவில் நண்பர்கள் பத்துக்குப் போனார்கள், நான் ஒன்பதிலேயே நின்றேன். என்னைவிட ஒரு வகுப்பு கீழே இருந்த தம்பியும் அந்த ஜூனில் அதே வகுப்புக்கு வந்து சேர்ந்தான். குறை எண்களை எண்கோட்டில் தாண்டித் தாண்டிக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான், யாரும் பார்க்காமல், மொட்டை மாடியில்.

ஆகவே, ‘புரியவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதற்கு நானே திரும்ப அதையேதான் நடத்துவேன். ‘மூன்றாவது வரியில் மைனஸ் எப்படி பிளஸ் ஆனது?’ என்று வரியைக் காட்டிக் கேளுங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமா, மதிய உணவு முடிந்ததும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி, முழுக்கள் பாடத்தை ஒரு முறை போட்டுப் பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பார்த்து எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பார்த்து எழுதியது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்; அன்றிரவு நோட்டை மூடிவிட்டு அதையே மறுபடி போடலாம்.

கிடைத்த உதவித்தொகையை விடுவது

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு 48,000. பணம் தானாக வந்துவிடாது. ஒன்பதில் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழைய பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இவர்கள் இருப்பார்கள். புதிய பள்ளிக்கோ விஷயமே தெரிந்திருக்காது. சேர்க்கை அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். அதில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பது நல்லது. இனிஷியல் முன்னே பின்னே இருந்தே அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்க்காரர்களோடு மட்டும் உட்காருவது

முதல் வாரம் சரி. ஆகஸ்டிலும் அதே நான்கு பேர் அதே பெஞ்ச் என்றால், தெரியாததை நான்கு பேரும் சேர்ந்து தெரியாமலே இருக்கலாம்.

பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்று இப்போதே சண்டை போடுவது

பத்து முடியட்டும்.

கடைசி பஸ்ஸை விசாரிக்காமல் இருப்பது

மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கும் நாளில் உங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காத நாளில், செருப்பு அறுந்து, ஏழு கிலோமீட்டர் நடந்தேன்.