டி அண்ட் டி ஆடும்போது யாரும் சும்மா உட்காராம இருக்க ஒரு டிப்

டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா மாறி பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு. கதைய நடத்துற ஆள் நீங்கன்னா, அட்வென்ச்சர் எழுத உட்காரும்போது முதல்ல கதைய யோசிக்காதீங்க. எல்லாரோட கேரக்டர் ஷீட்டையும் (கேரக்டரோட திறமையெல்லாம் எழுதுன தாள்) வாங்கி பக்கத்துல வச்சுக்கிட்டு, யாருக்கு எந்த ஸ்கில் நல்லா இருக்குன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுட்டு, ஒவ்வொரு சீன்லயும் குறைஞ்சது ரெண்டு மூணு பேருக்காவது வேலை இருக்கான்னு பாருங்க.

நான் பண்ண கூத்த சொல்றேன். ஒரு பூட்டுன கதவு, டிசி 15 (போனஸோட சேர்த்து பகடையில குறைஞ்சது 15 வரணும்), ரோக் (பூட்டு திறக்குற திருட்டு கேரக்டர்) திறந்தாதான் கதை நகரும்னு எழுதி வச்சிருந்தேன். டி20ல (20 பக்க பகடை) 4 விழுந்துச்சு, ரோக்கோட திறமைக்கான ப்ளஸ் 7 சேர்த்தும் 11தான். அவ்ளோதான், எல்லாரும் முழிக்கிறாங்க, ஃபைட்டர் ஆடுறவர் போன எடுத்துட்டார் (அவர சொல்லி குத்தமில்ல).

அடுத்த தடவ அதே கதவுதான், ஆனா ரூம்ல தண்ணி ஏறிட்டே இருக்கு, ரோக் பூட்ட நோண்டுற வரைக்கும் ஃபைட்டர் அத்லெட்டிக்ஸ் (உடல் பலத்துக்கான ஸ்கில்) உருட்டி மதகு பலகைய தாங்கி பிடிக்கணும், விசார்ட் (மந்திரவாதி) சுவத்துல இருக்குற மந்திர எழுத்த ஆர்கானா (மந்திர அறிவு ஸ்கில்) போட்டு படிக்கலாம், பார்ட் (பாட்டுக்கார கேரக்டர்) அந்தப் பக்கம் நிக்குற காவக்காரன்கிட்ட பேச்சு குடுத்து இழுக்கலாம். ரோக் சொதப்புனாலும் கதவு திறக்கும், என்ன, சத்தம் கேட்டு இன்னும் நாலு பேர் வருவாங்க.

சண்டைன்னா இனிஷியேட்டிவ் (பகடை உருட்டி முடிவு பண்ற வரிசை) இருக்கு, எல்லாருக்கும் டர்ன் வந்துரும். சண்டை இல்லாத சீன்லதான் வாயாடி ஒருத்தரே ஓட்டிட்டு போயிடுவார். அங்க "என்ன பண்றீங்க"ன்னு பொதுவா கேக்காம, அமைதியா இருக்குறவரோட கேரக்டர் பேர சொல்லி கூப்பிட்டு கேளுங்க.