வளைவு வெட்டும்போது ரவுட்டர் திக்குகிறதா?

வளைவில் சிஎன்சி ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி மரம், பிளாஸ்டிக் போன்றவற்றை வெட்டும் மெஷின்) திக்கித் திக்கி ஓடி விளிம்பு பட்டை பட்டையாக வந்தால் உடனே பிட்டை (வெட்டும் முனையை) மாற்றாதீர்கள், முதலில் ஜி-கோடை, அதாவது மெஷினுக்கான கட்டளைக் கோப்பைத் திறந்து பாருங்கள். வளைவு முழுக்கக் குட்டிக் குட்டி ஜி1 (நேர்கோட்டு நகர்வுக் கட்டளை) துண்டுகளாக இருந்தால், ஒவ்வொரு முனையிலும் மெஷின் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பும். வரைபடத்தை ஜி-கோடாக மாற்றும் கேம் மென்பொருளில் ஆர்க் ஃபிட்டிங்கை (குட்டிக் கோடுகளை வில்லாக இணைக்கும் வசதியை) இயக்கினால் அதுவே ஜி2, ஜி3 (வட்ட வில் கட்டளைகள்) வில்லாக வந்துவிடும். அப்புறம், மெஷினை இயக்கும் மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி என்றால், ஜி61 (பாதையை அப்படியே பின்பற்றும் முறை) இருக்கும் இடத்தில் ஜி64 பி0.02 போடுங்கள் (மில்லிமீட்டர் அளவில்); ஜி64 முனைகளை இழைத்து ஓட்டும், பி என்பது பாதையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு. பி மதிப்பை ரொம்ப ஏற்றினால் கூர்மையான மூலைகள் மழுங்கும், கவனம். இன்னும் அதிர்ந்தால் ஆக்சிலரேஷனை (வேகம் கூடிக் குறையும் வீதத்தை) கொஞ்சம் குறையுங்கள். முதல் வெட்டில் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு, முழு ஆழத்துக்கும் ஒரே ஃபினிஷிங் பாஸ் (மிச்சத்தை எடுக்கும் கடைசி வெட்டு) ஓட்டுங்கள், இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.